'கொச்சை' என்று எதைச் சொல்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

கொழும்பில் பத்தாந் தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். தமிழ்த்தின நாடகப் போட்டிக்கு இம்முறை பிள்ளைகளையே பிரதி எழுத வைத்திருக்கிறேன். மொழி கொச்சையாக வருகிறது, திருத்தினால் சோர்ந்துபோகிறார்கள். என்ன செய்யலாம்? நல்ல கருப்பொருள்கள் சிலவும், இசை, ஒளி பற்றியும் சொல்வீர்களா?

ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

கருப்பொருளை நான் தரமாட்டேன். அது பிள்ளைகளிடமே இருக்கிறது. இசையும் ஒளியும் பிரதி முடிந்தபின் பார்க்க வேண்டியவை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'கொச்சை' என்ற சொல். சில வாரங்களாக நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பு கொட்டாஞ்சேனையில் நடத்திய ஒரு பட்டறையில், தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு சிறுமி, "அன்னையே, தாங்கள் எப்போது தாயகம் திரும்புவீர்கள்?" என்று எழுதி வந்து, பேச்சுப் போட்டிக் குரலில் வாசித்தாள். கடைசியாகத் தொலைபேசியில் அம்மாவிடம் உண்மையில் என்ன கேட்டாய் என்றேன். பேனை மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டியபடி வெகுநேரம் இருந்துவிட்டு, "சாப்டீங்களாம்மான்னு கேட்டேன். ம்னு சொன்னாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேசல்ல. காசு முடியிற வரைக்கும் போன வெக்கவும் இல்ல" என்றாள். ஒரு கதிரையை மட்டும் வைத்து அதையே காட்சியாக்கினோம். அந்த 'ம்' என்பதற்கு என்ன திருத்தம் போடுவீர்கள், தங்கை?

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை பழைய கல்வெட்டுகளின் தமிழை ஆராய்ந்து லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இலக்கணம் தெரியாமல் எழுதினார் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவர்தான் 1940இல் வெளிவந்த 'நானாடகம்' நூலின் நாடகங்களில் யாழ்ப்பாணத்து வீடுகளின் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். அத்தனை ஆண்டுகள் கழிந்த பிறகும் கொழும்பில் ஒரு வகுப்பறைக்குள் நாம் அதே வழக்கை வாதாடிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

உங்கள் வகுப்பை ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'வாறன்' என்கிறது, மலையகத்துப் பிள்ளை 'வாரேன்' என்கிறது, அடுத்த வாங்கில் இருப்பவள் உம்மாவையும் வாப்பாவையும் பற்றிப் பேசுகிறாள். எல்லாவற்றையும் 'வருகிறேன்' என்று திருத்திவிட்டால், நாடகத்தின் எல்லாப் பாத்திரங்களும் உங்கள் குரலில்தான் பேசும். பிறகு பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள் என்று முறையிடுவது நியாயமா? பதினைந்து வயதில் நான் எழுதிய நாடகம் ஒன்று சிவப்பு மையால் நிறைந்து திரும்பி வந்தது. அதன்பின் பத்து ஆண்டுகள் நான் நாடகம் எழுதவில்லை. கட்டுரையில் எழுத்துத் தமிழைக் கண்டிப்பாகவே கற்பியுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. கூத்தில் அரசன் விருத்தம் பாடுவதும் அவனுக்குப் பொருந்தும். ஆனால் சமையலறையில் நிற்கும் தாய்க்கு அவளுடைய பேச்சுத்தான் பொருந்தும்.

நடுவர்கள் புள்ளி குறைக்கலாம். குறைக்கட்டும்.

இன்றிரவு வீட்டில் சாப்பிடும்போது காதில் விழும் பேச்சை, ஒரு சொல்லும் மாற்றாமல், கொப்பியில் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். நீங்கள் வாங்கி வாசிக்க வேண்டாம். எழுதிய பிள்ளை வாசிக்க, வேறு இருவர் நடிக்கட்டும். எழுத்துப் பிழைகளை ஆட்டம் முடிந்தபின் பார்க்கலாம். ஆட்களின் பெயர்களை மட்டும் முதலே மாற்றச் சொல்லிவிடுங்கள், வீட்டில் பிள்ளைக்கு ஏச்சு விழாமல் இருக்கும்.

அன்புடன்