கடல்நீரிலிருந்து ஹைட்ரஜன்: கேள்வி பதில்

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): அக்கா, உப்புத் தண்ணீரில் இரண்டு பென்சில்களை விட்டு 9 வோல்ட் பேட்டரியில் இணைத்தேன். குமிழி வந்தது. ஆனால் நீச்சல் குளத்து வாடை ஏன் வருகிறது?

பதில்: முதலில் ஜன்னலைத் திறந்துவிடும்மா. அது குளோரின், முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதே. எதிர்மின்வாயில் வந்த குமிழிதான் ஹைட்ரஜன். நேர்மின்வாயில் ஆக்சிஜன் வர வேண்டிய இடத்தில் உப்பிலுள்ள குளோரைடு முந்திக்கொண்டது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. கடல்நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் துறையின் பெரிய தலைவலி உன் டம்ளருக்குள்ளேயே தெரிந்துவிட்டது!

கேள்வி (வேதியியல் ஆசிரியர்): மின்வாய்க்குச் சாதாரண நிக்கல் தகடு போதாதா? நானோ அளவு வினையூக்கி எதற்கு?

பதில்: வினை நடப்பது மேற்பரப்பில்தானே சார். ஒரு செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 600 சதுர மீட்டர். ஆனால் பரப்பு மட்டும் போதாது. காரக் கரைசலில் ஆக்சிஜன் உண்டாவதற்கும் ஹைப்போகுளோரைட் (குளோரைடிலிருந்து வரும் பிளீச்சிங் பொருள்) உண்டாவதற்கும் நடுவே ஏறக்குறைய 0.48 வோல்ட்தான் இடைவெளி. அதற்குள் வேலையை முடிக்கும் வினையூக்கி வேண்டும். நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு அதில் கெட்டிக்காரப் பொருள், விலையும் குறைவு.

கேள்வி: குளோரைடு உலோகத்தை அரித்துவிடாதா?

பதில்: அரிக்கும். 2019இல் ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜி டாய் குழு இதற்கு ஒரு வழி கண்டது. நிக்கல் நுரையைக் கையில் எடுத்தால் சாம்பல் நிற ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும். அதன்மேல் நிக்கல் சல்பைடு, அதற்கும் மேல் நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு. மின்சாரம் பாயும்போது எதிர்மின்சுமை கொண்ட அடுக்கு உருவாகி, குளோரைடை உள்ளே விடாமல் தள்ளுகிறது. 1000 மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடா நீரையும் பயன்படுத்தினார்கள், காரம் சேர்த்துத்தான்.

கேள்வி: எதிர்மின்வாயில் தொல்லை இல்லையா?

பதில்: உண்டு. அங்கே காரத்தன்மை ஏற ஏற மெக்னீசியம் ஹைட்ராக்சைடு படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டுமே வெள்ளை, கிட்டத்தட்ட அதே போல. நுரையின் துளைகள் அடைபடும்.

கேள்வி (பொறியாளர்): உப்பை நீக்கிவிட்டே செய்யலாமே?

பதில்: இன்றைக்கு அதுதான் சரியான வழி. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர், 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். உப்பு நீக்க 1000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் என்றால், 9 லிட்டருக்கு 0.04 யூனிட்கூட ஆகாது. கடல்நீரை நேராகப் பயன்படுத்தும் மின்வாய் தாங்கிய 1000 மணி நேரம் என்பது 42 நாள்தான். ஆலைக்கு வருடக்கணக்கில் உழைக்கும் மின்வாய் வேண்டும். வினையூக்கி ஆராய்ச்சி ஜெயிக்க வேண்டியது அங்கேதான்.

கேள்வி (எம்.எஸ்ஸி. மாணவர்): என் வினையூக்கியில் மின்னோட்டம் நன்றாக வருகிறது. வெற்றி என்று எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. குளோரின் வந்தாலும் மின்னோட்டம் வரும். பொட்டாசியம் அயோடைடு-ஸ்டார்ச் தாளை ஈரமாக்கி நேர்மின்வாய்க்கு மேலே பிடியுங்கள். நீலமானால் குளோரின் வருகிறது. ஆகாவிட்டாலும் கரைசலில் ஹைப்போகுளோரைட் இருக்கலாம், அதைத் தயோசல்பேட் தரம்பார்த்தலில் அளந்துவிட்டு எழுதுங்கள்.