ஏ9 வீதிக்கு எம்ஜிபியா, ஸ்பிட்பயரா?

வணக்கம். 1968 ஆம் ஆண்டு எம்ஜிபி, அதே காலத்து ட்ரையம்ப் ஸ்பிட்பயர் மார்க் 3 ஆகிய இரு பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களில் எது ஓட்டச் சுகமானது என்றும், ஏ9 வீதியால் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வாராவாரம் போய்வர எது பொருந்தும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

உங்கள் பயணத்துக்கு எம்ஜிபியைத்தான் சொல்வேன். அதன் 1798 சிசி இயந்திரம் குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுப்பதால், நாலாம் கியரில் போட்டுவிட்டு மாங்குளம் வரை நிம்மதியாகப் போகலாம். பின்னால் லொறிக்கு இருப்பதுபோன்ற பட்டைவில்லும் ஒற்றை அச்சும் என்பதால் குழியில் விழுந்தால் முதுகு அறியும். ஆனால் வளைவில் என்ன செய்யப்போகிறது என்பதை முன்கூட்டியே உணர்த்திவிடும்.

ஸ்பிட்பயர் வேறு பிறவி. ஸ்ரியரிங் மிக இலகு, ஏறத்தாழ 7.3 மீற்றர் வட்டத்துக்குள் திரும்பிவிடும், முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிற்கும் வாகனங்களுக்கு இடையிலும் ஓட்டோவைப்போல் நுழையும். சிக்கல் அதன் பின்சில்லுகளில் இருக்கிறது: வளைவின் நடுவே அக்சிலேற்றரிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால், பின்புறம் மேலெழுந்து, வெளிப்பக்கச் சில்லு உள்ளே மடிந்து, வால் வீசும். 1970 இல் வந்த மார்க் 4 இல் பின் பட்டைவில்லின் அமைப்பை மாற்றி இதைப் பெருமளவு அடக்கினார்கள். மாரி மழையில் மார்க் 3 ஐ நான் புதியவர் கையில் கொடுக்கமாட்டேன்.

எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடற்தகரமே பாரத்தைத் தாங்குகிறது என்பதால், விலை பேசுமுன் கதவுகளுக்குக் கீழுள்ள தகரத்தில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் கறலைப் பட்டி எனும் நிரப்புப்பசை போட்டு மூடியிருப்பார்கள்.