சாப்பாடு, காய்ச்சல், பேச்சு, அடம்: பெற்றோர் கேட்ட எட்டுக் கேள்விகள்

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பற்றி அண்மையில் வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மிகுதியானவை சாப்பாட்டைப் பற்றியவை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்றரை வயது மகன். ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டவன், இப்போது இரண்டு வாய் வாங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பால் மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கிறான். பசியெடுக்க டானிக் எழுதித் தருவீர்களா? (தாய், கரூர்)

டானிக் வேண்டாம். முதலில் அவனுடைய எடைக் கணக்கைப் பாருங்கள். மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை ஐந்தாம் மாதத்தில் ஏறக்குறைய ஆறு கிலோவையும், ஒரு வயதில் ஒன்பது கிலோவையும் எட்டிவிடுகிறது. அதாவது முதல் ஆண்டில் ஆறு கிலோ கூடுகிறது; இரண்டாம் ஆண்டு முழுவதிலும் கூடுவதோ இரண்டு முதல் இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் இப்படிக் குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும். பத்து மாதத்தில் கிண்ணம் நிறையச் சாப்பிட்ட பிள்ளை ஒன்றரை வயதில் அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்வது, அவன் உடம்பு தன் தேவையைச் சரியாகக் கணித்திருப்பதற்கு அடையாளம். தடுப்பூசி அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் அவன் எடையைக் குறித்துப் பாருங்கள். கோடு தன் பாதையிலேயே மேலேறினால், அவன் போதுமான அளவு சாப்பிடுகிறான் என்றே பொருள்.

நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் பால்தான் எனக்குக் கவலை தருகிறது. "சோறுதான் இறங்கவில்லை, பாலாவது குடிக்கட்டும்" என்று பெரியவர்கள் நான்கைந்து பாட்டில் கொடுத்துவிடுகிறார்கள். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, மற்ற உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதையும் அது குறைக்கிறது, வயிற்றையும் நிரப்பிவிடுகிறது. இதனால் ரத்தசோகை வருகிறது, ரத்தசோகையால் பசி இன்னும் மந்தமாகிறது, பசி மந்தமானதும் வீட்டில் இன்னொரு பாட்டில் பால் காய்ச்சப்படுகிறது. ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 400 முதல் 500 மி.லி. பாலே போதும்; அதையும் ஃபீடிங் பாட்டிலில் இல்லாமல் டம்ளரில், சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். பிள்ளை வெளிறித் தெரிந்தாலோ, மண்ணையோ சுவர்ச் சுண்ணாம்பையோ தின்றாலோ ஹீமோகுளோபின் பரிசோதனை அவசியம்.

என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவனுக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வைத்து, அவன் தட்டில் கொஞ்சம் பருப்புச் சாதமும் ஒரு துண்டு முட்டையும் வைத்தால், பாதி கீழே சிந்தினாலும் மீதியை அவன் கையாலேயே எடுத்து உண்பான். தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் பின்னால் ஓடும் பழக்கத்தையும், செல்போனைக் காட்டி வாயில் திணிக்கும் பழக்கத்தையும் இன்றே நிறுத்துங்கள். முதல் ஒரு வாரம் சிரமமாகவே இருக்கும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சிரப் 5 மி.லி. கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மகளுக்கு ஒரு வயது, 10 கிலோ. கொடுக்கலாமா? (தந்தை, ஓசூர்)

"5 மி.லி." என்பது இங்கே அளவே ஆகாது. ஒரே மருந்து மருந்துக்கடையில் குறைந்தது மூன்று வடிவங்களில் கிடைக்கிறது: 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப், 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப், ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து. ஒரு வேளைக்குரிய அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வரை. உங்கள் மகளுக்கு அது 150 மி.கி. ஆகிறது. அந்த 150 மி.கி., முதல் சிரப்பில் சற்றேறக்குறைய 6 மி.லி.; இரண்டாவதில் 3 மி.லி.; சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. மட்டுமே. முதல் புட்டிக்குரிய 6 மி.லி.யைத் தவறுதலாகச் சொட்டு மருந்திலிருந்து எடுத்தால், குழந்தை நான்கு மடங்கு மருந்தை விழுங்கியிருக்கும். அதை ஈரல்தான் தாங்க வேண்டியிருக்கும்.

தொழிலைத் தொடங்கிய காலத்தில் நானும் சீட்டில் மி.லி. அளவை மட்டும் எழுதியதுண்டு. ஒருநாள் ஒரு தாய் இரண்டு புட்டிகளை என் மேசைமேல் வைத்தார். நான் எழுதியது தீர்ந்துபோனதால் வேறு கடையில் "அதே மருந்துதான்" என்று வாங்கியது இரண்டாவது புட்டி. நிறம் ஒன்று, பெயரும் ஏறக்குறைய ஒன்று. லேபிளின் ஓரத்தில், கடுகளவு எழுத்தில், ஒன்றில் 120 என்றும் மற்றதில் 250 என்றும் இருந்தன. குழந்தைக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மில்லிகிராமையும் புட்டியின் வீரியத்தையும் எழுதாமல் நான் சீட்டைக் கொடுப்பதில்லை. உங்கள் மருத்துவர் எழுதித் தராவிட்டால் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். சமையலறைக் கரண்டியில் ஊற்றாதீர்கள். புட்டியோடு வரும் அளவுக் குப்பியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். இரண்டு வேளைகளுக்கு இடையில் நான்கு முதல் ஆறு மணி நேரம் இருக்கட்டும், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம்.

காய்ச்சல் என்பது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும்தான். எண் எவ்வளவு என்பதைவிடப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்பது முக்கியம்: 102 இருந்தும் விளையாடுகிறவளைப் பற்றி எனக்குக் கவலை குறைவு, 100.5 இருந்தும் தாய்ப்பாலைக்கூட வாங்காமல் துவண்டு கிடக்கிறவளை அந்த நொடியே பார்க்க விரும்புவேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு மருந்து எதுவும் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மழைக்காலத்தில் டெங்கு இருக்கலாம் என்பதால், மருத்துவர் சொல்லாமல் இபுபுரூஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற மற்ற காய்ச்சல் மருந்துகளைக் கொடுக்கக் கூடாது.

காய்ச்சலின்போது மகனுக்கு வலிப்பு வந்தது. உறவினர்கள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். மீண்டும் வந்தால் என்ன செய்வது? (தாய், விழுப்புரம்)

சாவியால் வலிப்பு நிற்பதில்லை. தானாக நிற்கவிருந்த வலிப்பு, சாவி கையிலிருந்த நேரத்தில் நின்றிருக்கும். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் கடந்தால் 108-ஐ அழையுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூற்றில் இரண்டு முதல் ஐந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பெரும்பாலும் மூளைக்குக் கேடு விளைவதில்லை. ஆயினும் முதல் முறை வந்தபின் கட்டாயம் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். இதுவரை காட்டவில்லையென்றால் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு வயது இரண்டு மாதம். "அம்மா", "தா" தவிர வேறு பேச்சில்லை. ஆனால் செல்போனில் பார்த்து ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்கிறான். அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினாராம். காத்திருக்கலாமா? (தாய், திருப்பூர்)

காத்திருக்க வேண்டாம். ஒரு வயதையொட்டிப் பொருளோடு ஒரு சொல்லும், இரண்டு வயதில் "பால் வேணும்", "அப்பா வா" என்பதுபோல் இரு சொற்கள் சேர்ந்தும் வர வேண்டும். எழுத்துகளை ஒப்பிப்பது பேச்சாகாது. தாகமெடுக்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்து, சொம்பைச் சுட்டிக்காட்டி, "தண்ணி" என்று கேட்பதே பேச்சு. அதில் தேவையும், எதிரே ஒரு மனிதரும், அவரிடமிருந்து வரும் பதிலும் இருக்கின்றன. திரை எவ்வளவு பேசினாலும் குழந்தை சொன்னதற்குப் பதில் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்றும், அதன்பின் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் சொல்கிறது.

முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். கதவைத் தட்டினால் திரும்புகிறானே என்று விட்டுவிடக் கூடாது. சில ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகளும் உண்டு. அடுத்து சிலவற்றைக் கவனித்து எழுதி வையுங்கள்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டுகிறானா, வானத்தில் விமானத்தைப் பார்த்தால் உங்களுக்கும் காட்டுகிறானா, நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்கிறானா. இவை இல்லையென்றால் வளர்ச்சி சார்ந்த முழு மதிப்பீடு தேவைப்படும். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்பகால இடையீட்டு மையங்களில் இவற்றைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள்.

அப்பா தாமதமாகப் பேசியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காத்திருந்து பார்த்து, பேச்சு வராவிட்டால், மூளை மிக வேகமாக மொழியைப் பற்றும் மாதங்களை இழந்திருப்போம். பயிற்சியைத் தொடங்கியபின் அவன் தானாகவே பேசிவிட்டாலோ, இழப்பு ஏதுமில்லை. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பேச்சு வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குளிப்பாட்டும்போதும் காய் நறுக்கும்போதும் செய்வதைச் சிறு சொற்களில் சொல்லிக்கொண்டே இருங்கள்; சொல்லிவிட்டு, அவன் பதில் தர ஐந்து விநாடியாவது நிறுத்துங்கள். அந்த இடைவெளியை நம்மில் பலர் கொடுப்பதில்லை.

பிள்ளை சாப்பிடாவிட்டால், உள்ளே சிக்கிய உணவை வெளியே எடுப்பதாகச் சொல்லும் நாட்டு முறையான தொக்கம் எடுக்கக் கூட்டிச் செல்லச் சொல்கிறார் மாமியார். (தாய், சேலம்)

அவருடைய அக்கறையை மதியுங்கள், பிள்ளையை அனுப்பாதீர்கள். விழுங்கிய உணவு இரைப்பைக்குப் போய்விட்டால், நாள்கணக்கில் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. மூச்சுக்குழாயில் போனாலோ, இருமலும் இழுப்பும் அதைக் காட்டிக்கொடுக்கும். விரலை விட்டோ குழாய் வைத்து உறிஞ்சியோ அதை எடுக்க முடியாது. மூன்று வாரம் இருமிய ஒரு சிறுவனுக்கு, ஊரில் இருமுறை தொக்கம் எடுத்தபின், வலப்பக்க மூச்சுக்கிளையிலிருந்து, மூச்சுக்குழாய்க்குள் கருவியைச் செலுத்திப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி மூலம் அரை வேர்க்கடலையை எடுத்தார்கள். நான்கைந்து வயது வரை முழுக் கடலை, பட்டாணி, முழுத் திராட்சை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம்.

பேச்சோ அழுகையோ இருமலோ வராமல் திணறினால் அதுதான் அவசரம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். பின் மல்லாத்தி, மார்பின் நடுவில் இரு விரல்களால் ஐந்து முறை அழுத்துங்கள். பொருள் வெளிவரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். பெரிய பிள்ளைக்கு, பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளேதான் போகும். கூட இருப்பவர் அதே நேரத்தில் 108-ஐ அழைக்கட்டும்.

பேரனுக்கு ஐந்து மாதம். சளிக்குக் கற்பூரத் தேங்காயெண்ணெய், வயிற்று உப்புசத்துக்குச் சுட்ட வசம்பு, நாக்கில் தேன். எங்கள் காலத்தில் செய்ததுதானே? (பாட்டி, திருநெல்வேலி)

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள் அம்மா, நல்லதுதான். மூக்கிலும் காதிலும் மட்டும் விட வேண்டாம். மற்ற மூன்றையும் நிறுத்துங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். கற்பூரம் சிறிதளவு உள்ளே போனாலும் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். பூஜையறையில் கைக்கெட்டும் உயரத்தில் அதை வைக்கவும் கூடாது. வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருப்பதால், அமெரிக்கா அதை உணவில் சேர்ப்பதை 1968-இலேயே தடை செய்தது.

வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசல்) கொடுத்தால் வாந்தி எடுக்கிறாள். பாலை நிறுத்தலாமா? (தந்தை, தஞ்சாவூர்)

தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பின் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள். டம்ளரோடு ஊற்றினால் வெளியே வரத்தான் செய்யும். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுவதுமாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று பிரித்துப் போட்டால் உப்பின் அளவு தவறிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் கொண்டதையே பார்த்து வாங்குங்கள். இனிப்பு மிகுந்த பழச்சாற்றுப் பானங்கள் குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

குடலின் சுவர் சர்க்கரையை உள்ளே எடுக்கும்போது உப்பையும், உப்போடு நீரையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலானாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கரைத்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, போக்கு நின்றாலும், துத்தநாகம் 20 மி.கி. 14 நாளும் தொடர வேண்டும். கண் குழி விழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, மலத்தில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

தம்பி பிறந்ததிலிருந்து நான்கு வயது மகள் எதற்கெடுத்தாலும் அடம்பிடிக்கிறாள். நின்றுபோன படுக்கை நனைத்தலும் திரும்பிவிட்டது. அடித்தும் பார்த்துவிட்டேன். (தாய், மதுரை)

அடித்ததை எழுத உங்களுக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. இனி வேண்டாம். அடியால் அழுகை நிற்கலாம், அழுகைக்கான காரணம் அப்படியே இருக்கும். சிறுநீரில் தொற்று இல்லை என்பதை ஒரு பரிசோதனையால் உறுதி செய்துகொள்ளுங்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் கேட்டாலோ மெலிந்தாலோ சர்க்கரையையும் பார்க்க வேண்டும். இவை இல்லையென்றால், அவள் தன் இடம் பறிபோனதாக நினைக்கிறாள்.

என் வரவேற்பறையில், அடம்பிடித்துத் தரையில் புரண்ட ஒரு பெண்ணருகே அவளுடைய தாய் தானும் தரையில் உட்கார்ந்து, "கோபமா இருக்கியா, இரு, நான் இங்கேதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக் காத்திருந்ததைப் பார்த்தேன். கேட்ட மிட்டாயை அவர் வாங்கித் தரவில்லை, திட்டவும் இல்லை. ஏழெட்டு நிமிடத்தில் அந்தப் பெண் தாயின் மடியில் வந்து படுத்தாள். நீங்களும் அதையே செய்யுங்கள். கைக்குழந்தை தூங்கும் ஒரு வேளையில், தினமும் கால் மணி நேரம், செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அவள் சொல்லும் விளையாட்டை அவளோடு விளையாடுங்கள். நனைந்த விரிப்பை மாற்றும்போது யார் முன்னாலும் அதைப் பற்றிப் பேசாதீர்கள். "தம்பிக்கு இந்தத் துணியை எடுத்துத் தருகிறாயா?" என்று கேளுங்கள், "நீ பெரியவள், விட்டுக்கொடு" என்று சொல்லாதீர்கள், அவளுக்கு வயது நான்குதான்.