தங்கச்சி சாப்பிட மறுக்கிறாள், யாரோடும் பேசுவதும் இல்லை. உறவுகள் விட்டுப்போனதால் இப்படி வருமா?

வரலாம். ஆனால் அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரை, எதிலும் குறை வரக்கூடாது என்று நினைக்கும் சுபாவம், மெலிய நினைத்துச் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கியது என்று பலதும் சேர்ந்துதான் சாப்பாட்டை மறுக்கும் இந்த நோய் (அனரெக்சியா) பிடிக்கிறது. மனதில் கிடப்பதைச் சொல்ல ஆளில்லாத பிள்ளைக்கு, தன் கையில் இருப்பது சாப்பாடு மட்டும்தான் என்று தோன்றிவிடுகிறது.

இலங்கையில் மட்டக்களப்பு மாவட்டக் களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிற என் சின்னம்மாவின் மகளுக்கு இதுதான் நடந்தது. சின்னம்மா குவைத்தில். எங்கள் பக்கம் தாய்வழிச் சொந்தங்களின் வீடுகள் அடுத்தடுத்துத்தான் இருக்கும். பெத்தா, பெரியம்மா, அக்காமார் என்று சுற்றிவர ஆட்கள். ஆனாலும் அவள் தனியாகத்தான் இருந்தாள். பிட்டைக் கிளறிக் கிளறிக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்குவாள், மீன் துண்டு பூனைக்குப் போகும். கேட்டால் "ரியூஷன் கிளாசில சாப்பிட்டன்" என்பாள். வருகிறவர்கள் எல்லாம் "என்ன புள்ள, இப்படி வத்திப் போனாய்?" என்று கேட்கக் கேட்க, அறையை விட்டு வருவதையே நிறுத்திவிட்டாள். நாவூறு என்று நூலும் கட்டிப் பார்த்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தை வீட்டார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டினியே மனிதரை ஒதுங்க வைக்கும். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பலர் எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள், எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் தங்கச்சியின் கோபத்தில் பாதி பசியின் கோபமாக இருக்கலாம். அதை மனதில் எடுக்காதீர்கள்.

சரி, சிகிச்சை. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு, லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்ப வழிச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. யார் பிழை என்று அதில் தேடுவதில்லை. என்ன, எவ்வளவு சாப்பிடுவது என்பதை முதலில் பெரியவர்கள் பொறுப்பெடுக்கிறார்கள். உடம்பு தேறத் தேற அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் டாக்டர் சொன்னபடி என் அம்மா வேளாவேளைக்கு அவள் பக்கத்தில் இருந்து தானும் சாப்பிட்டார். நிறை, உடம்பு பற்றி மூச்சே விடவில்லை. சின்னம்மா ஐமோ வீடியோ அழைப்பில் வருவார். முன்பெல்லாம் "படிக்கிறியா? மெலிஞ்சிட்டியா?" என்றுதான் பேச்சு தொடங்கும். அப்புறம் அந்தக் கேள்விகளை விட்டுவிட்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைக்கச் சொல்லி, அங்கே தன் சோற்றைச் சாப்பிட்டபடி வேலை வீட்டுக் கதை சொல்வார். மகளும் மெல்ல மெல்லத் தன் கதையைச் சொல்லத் தொடங்கினாள். நாளெடுத்தது, இடையில் பழையபடி ஆன வாரங்களும் உண்டு.

நீங்கள் முதலில் அவளை டாக்டரிடம் காட்டுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நெடுநாள் சாப்பிடாத உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்புச் சத்துகள் குலைந்து இதயத்தைப் பாதிக்கும், அதனால் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்குங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தாலோ, சாப்பிட்டதை வாந்தியெடுத்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே கொண்டுபோங்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள்.