ஓடிபி வரவே இல்லை, பணம் மட்டும் போய்விட்டது

"இதைப் போட்டால் நூறு சதவீதம் ஹேக் ஆகாது" என்று கடைக்காரர் ஓர் ஆன்டிவைரஸ் தருகிறார். மூன்று வருட சந்தா என்றால் மலிவாம். வாங்கலாமா? – கும்பகோணம் வாசகர்

விண்டோஸ் 11-லேயே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது. அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் வீட்டுக்கு அது போதும். அந்த நூறு சதவீதத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சை மாற்றுவார். நான் வாங்கிய மூன்று வருட சந்தாவில், இரண்டாம் வருடமே லேப்டாப் கண்ணை மூடிவிட்டது. "புதுப்பியுங்கள்" என்ற மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வந்தது.

கரன்ட் பில் பாக்கி என்று எஸ்எம்எஸ் வந்தது. அந்த எண்ணில் பேசி, சொன்ன ஆப்பை இறக்கி, ஓடிபியும் சொன்னேன். 48,000 ரூபாய் போச்சு. ஆறு நாள் கழித்து வங்கிக்குப் போனால் கைவிரிக்கிறார்கள். – ஈரோடு வாசகர்

பில் கட்டியாச்சா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ரகசிய எண்ணை நீங்களே கொடுத்தால், வங்கியிடம் சொல்லும்வரை போனது உங்கள் தலையில். சொன்ன பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. ஆறு நாள் என்ன செய்தீர்கள்? சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அன்றே போன் அடித்திருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கையாவது முடக்க வழி இருந்திருக்கும்.

ஓடிபி வரவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ராத்திரியில் 62,000 ரூபாய் போய்விட்டது. காலையிலேயே புகார் கொடுத்தேன். "உங்கள் கவனக்குறைவு" என்று வங்கி ஒரு வரியில் கடிதம் அனுப்பியிருக்கிறது. – நாகர்கோவில் வாசகர்

இந்த ஒரு வரிக் கடிதத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. அதே 2017 சுற்றறிக்கை சொல்வதுதான். தப்பு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றாலும், பணம் போன தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னவருக்கு நஷ்டம் பூஜ்யம். பத்து வேலை நாளில் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். "எந்த ஆதாரத்தில் கவனக்குறைவு என்கிறீர்கள்?" என்று எழுத்தில் கேட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அப்புறம், வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் போங்கள்.

போலீஸ் புகாரும் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் திருடனுக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் தரும். அந்த அபராதம் உங்கள் கைக்கு வராது. இழப்பீட்டுக்கு அதே சட்டத்தின் 46-ஆம் பிரிவு இருக்கிறது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே இதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. ஐந்து கோடி வரை கேட்கலாம். 2010-இல் போலி மின்னஞ்சலை நம்பி விவரம் கொடுத்து ஏமாந்த வாடிக்கையாளருக்கே, ஐசிஐசிஐ வங்கி 12.85 லட்சம் தர வேண்டும் என்று தமிழகத்தின் அந்தத் துறைச் செயலாளர் உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டில் வருடக்கணக்காக இழுத்தது வேறு விஷயம். அவருக்கே அப்படியென்றால், எதையும் கொடுக்காத நீங்கள் ஏன் தயங்க வேண்டும்?

வீடியோ காலில் "டிஜிட்டல் கைது" செய்திருப்பதாக ஒரு அதிகாரி சொல்கிறார். – மதுரை வாசகர்

சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வையுங்கள்.

என் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்டால் மாதம் 5,000 தருகிறார்களாம். பாதுகாப்பானதா? – சேலம் வாசகர்

அவர்களுக்குப் பாதுகாப்பானது. திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்.