பிரிந்து கிடக்கும் கிறிஸ்தவர்களுக்குள் உண்மையான உறவு வளர வழி உண்டா?

"சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), பெந்தெகொஸ்தே என்று பிரிந்து நிற்கிறோம். மேடையில் கைகோத்துப் போட்டோ எடுப்பதோடு நிற்காமல் மனதால் ஒன்றாக முடியுமா? எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம், நான்கு தலைமுறையாக சி.எஸ்.ஐ. அம்மாவின் கூடப் பிறந்த அக்கா, என் பெரியம்மா, ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். கம்மல், வளையல் எல்லாவற்றையும் கழற்றினார். வேதத்தில் இல்லாத பண்டிகை என்று கிறிஸ்துமஸையும் விட்டார். "அப்போ சின்னப் பிள்ளையில நம்ம அப்பா தூக்கிட்டுப் போய்க் கொடுத்த ஞானஸ்நானம் என்னாச்சு?" என்று அம்மா கேட்டார். அதோடு பேச்சு நின்றது. பதினோரு வருஷம்.

அப்புறம் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கீமோ. இரண்டாவது வாரம் ஒரு காலையில் பெரியம்மா தூக்குவாளியில் கஞ்சியும் பருப்புத் துவையலும் எடுத்துக்கொண்டு வார்டுக்குள் வந்து நின்றார். யார் சொன்னார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் வாயைத் திறந்தார், பெரியம்மா ஊட்டினார்.

பக்கத்துக் கட்டிலில் கடற்கரை ஊர்க்கார அம்மாள் ஒருவர், ஆர்.சி. பனிமய மாதா படம் ஒன்று தலையணைக்கு அடியில் இருக்கும், செபமாலை எப்போதும் கையில் இருக்கும். ஓர் இரவு அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை. பெரியம்மா 23ஆம் சங்கீதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்..." அந்த அம்மாளும் தன் கட்டிலிலிருந்தே சேர்ந்துகொண்டார். ஆனால் அவர் வாயில் கர்த்தர் 'ஆண்டவர்' ஆனார், மேய்ப்பர் 'ஆயர்' ஆனார். இரண்டாவது வரியிலேயே குரல்கள் பிசகின. பெரியம்மா நிறுத்தினார். "நீங்க உங்க மாதிரியே சொல்லுங்க, நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார். அவர் சொல்லி முடித்ததும் பெரியம்மா தன் மாதிரியில் முதலிலிருந்து சொன்னார். ஒரே சங்கீதத்தை அன்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் அம்மா தூங்கினார்.

பெரியம்மா ஏன் சபை மாறினார் என்பதும் அந்த வார்டில்தான் எங்களுக்குத் தெரிந்தது. உபதேச வித்தியாசம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தோம். அவர் அம்மாவிடம் சொன்னது இது: "உங்க அத்தான் போன பிறகு நாற்பது நாள் வரைக்கும் எல்லாரும் வந்தீங்க. அதுக்கப்புறம் வாசல்ல ஒரு செருப்பு இல்லை. அந்தச் சபைச் சகோதரிங்கதான் தினமும் சாயங்காலம் வந்து என் கூட உட்கார்ந்திருந்தாங்க. ஒண்ணும் பேசக்கூட மாட்டாங்க. நான் உபதேசத்துக்காகப் போகலை ஏட்டி, ஆளுக்காகப் போனேன். உபதேசம் பின்னாலதான் புரிஞ்சுது."

அம்மா, "நான்கூட வரலியேக்கா" என்றார்.

இதைக் கேட்ட பிறகுதான் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வார்த்தை எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் பேராயராகி (பிஷப்), இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தபோது மேடையேறி, மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே நட்பு இல்லாத குறையை அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஏழைகளுக்காக உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார்.

அதே அசரியாதான் 1919இல் தரங்கம்பாடியில் சபை ஐக்கியம் பேசக் கூடிய 33 பேரில் முன்னின்றவர். சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேச்சு தொடங்கி 28 வருஷம் கழித்து. அசரியா 1945 ஜனவரி முதல் தேதியே காலமாகிவிட்டார். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் இதில் ஒன்றாயின. பெரிய சிக்கல், பேராயர் இல்லாத சபைகளிலிருந்து வந்த, பேராயர் கைவைத்துப் போதகராக அபிஷேகம் பெறாத போதகர்களை என்ன செய்வது என்பது. அவர்களுக்கு மறு அபிஷேகம் வேண்டாம், இனிமேல் வருகிறவர்களைப் பேராயர்களே அபிஷேகம் செய்யட்டும் என்று முடிவானது. கூடவே ஓர் உறுதிமொழி: எந்த ஊர்ச் சபை மீதும் அதன் மனச்சாட்சி ஏற்காத வழிபாட்டு முறையையோ போதகரையோ திணிப்பதில்லை. எனக்கு இந்த உறுதிமொழிதான் முக்கியமாகப் படுகிறது. வித்தியாசம் முழுவதும் தீர்ந்த பிறகு அவர்கள் ஒன்றாகவில்லை. ஒன்றாகிவிட்டு, மிச்ச வித்தியாசத்தோடு ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊரில் சபைப் பிரிவைவிடக் கெட்டியான சுவர் சாதி. கல்யாணப் பேச்சில் "எந்தச் சபையானாலும் பரவாயில்லை, நம்ம ஆட்களா இருக்கணும்" என்று சொல்வதை எத்தனை வீட்டில் கேட்டிருப்போம்! திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து நடுவில் சுவரே இருந்தது. அதை 1910இல் இடித்தார்கள். எடின்பரோவில் அசரியா நண்பர்களைக் கேட்டதும் அதே வருஷம்தான். ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் சேர்ந்து ஐக்கிய ஜெபம் நடத்திவிட்டு, தெற்குத் தெருக் கிறிஸ்தவன் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்றால் அதை ஐக்கியம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, எங்கே தொடங்குவது என்று கேட்டீர்களே. ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒற்றுமை வார ஆராதனைக்குப் போங்கள், நல்லதுதான். ஆனால் அங்கே பக்கத்தில் உட்கார்ந்தவர் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டு அடுத்த வாரம் போய் வாருங்கள். துக்க வீட்டுக்கு நாற்பது நாள் கழித்துப் போங்கள். உங்கள் ஊர் அசனத்துக்கு (சபை விருந்து) அடுத்த சபைக்காரரைக் கூப்பிட்டு, எந்தத் தெருக்காரரானாலும் ஒரே பந்தியில் உட்கார வையுங்கள். "நம்ம ஆடுகளைத் திருடுகிறார்கள்" என்று குறை சொல்லும் முன், போனவர் வீட்டுக்கு நாம் கடைசியாக எப்போது போனோம் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொற்களையும் பழகிக்கொள்ளுங்கள். ஆர்.சி. நண்பரிடம் திருப்பலி என்றும் தூய ஆவி என்றும் சொல்வதால் நம் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது. 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த பொது வேதாகமம் வந்திருக்கிறது. அதையும் நம் பழைய வேதாகமத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கீதம் வாசித்துப் பாருங்கள்.

அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துப் பந்தியில் இன்னும் எல்லோரும் ஒன்றாக உட்கார முடியவில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கவில்லை என்று நடிக்க வேண்டாம்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஞானஸ்நானத்தைப் பற்றி அக்காளும் தங்கையும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பெரியம்மா இன்னும் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. ஆனால் டிசம்பர் 24 காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். மாவு பிசைந்து, அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து மத்தியானம் வரை முறுக்கு சுடுவார். சாயங்காலம் நாங்கள் ஸ்டார் விளக்கைப் போடுவதற்கு முன் கிளம்பிவிடுவார். அம்மா பஸ் ஸ்டாப் வரை கூடப் போவார். முறுக்குச் சம்படத்தை இவர் கொடுக்க, அவர் வேண்டாம் என்று சொல்ல, பஸ் வருகிற வரை அது இரண்டு பேர் கைக்கும் போய்ப் போய் வரும்.