டிரெஷரியில் போட்ட பணம் போய்விடுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கேட்கிறார்: "ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்தை டிரெஷரியில், அதான் கேரள அரசுக் கருவூலத்துல, டெபாசிட் போட்டிருக்கேன். கேரளா கடன்ல முங்குது, இலங்கை மாதிரி ஆயிரும், எடுத்துட்டு வாங்கக்கான்னு பொள்ளாச்சித் தம்பி தினமும் போன் பண்றான். எடுத்துடலாமா?"

டீச்சர், தம்பியின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, ஆனால் இலங்கையை இழுத்ததுதான் பொருந்தவில்லை. கடன் நிறைய இருப்பதால் மட்டும் ஒரு நாடு கைவிரிப்பதில்லை. ஜப்பானின் கடன் அதன் ஒரு வருட உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், ஆனால் அது சொந்த யென்னில், பெரும்பாலும் சொந்த நாட்டிலேயே வாங்கிய கடன். இலங்கை டாலரில் வாங்கியிருந்தது. 2019 கடைசியில் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள், அப்புறம் கொரோனாவில் சுற்றுலா வருமானமும் நின்றுபோய், இருந்த டாலரும் கரைந்து, 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

அதற்காக யாருடைய பேங்க் டெபாசிட்டையும் அரசு பிடுங்கவில்லை. போட்ட லட்சம் லட்சமாகவே இருந்தது, அதற்குக் கிடைக்கிற அரிசிதான் குறைந்தது. அந்த செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. இதைவிட எனக்கு உறுத்துவது 2023-ல் நடந்தது. தொழிலாளர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த அரசுப் பத்திரங்களை வட்டி குறைந்த பத்திரங்களாக மாற்றினார்கள், அதில் தோட்டத் தொழிலாளியின் பணமும் உண்டு.

சரி, கேரளாவுக்கு வருவோம். மாநிலம் நேரடியாக வெளிநாட்டில் கடன் வாங்க முடியாது. மத்திய அரசு அனுமதிக்கும் அளவுக்குள் ரிசர்வ் வங்கி நடத்தும் கடன் பத்திர ஏலம் மூலம் ரூபாயில்தான் வாங்குகிறது, தவணை வந்தால் ரிசர்வ் வங்கியே மாநிலக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். அதனால் பத்திரக்காரர்களுக்குப் பணம் நிற்காது. கை இறுகினால் காத்திருப்பது மற்றவர்கள்தான்: கான்ட்ராக்டர் பில், டிஏ அரியர் (அகவிலைப்படி பாக்கி), க்ஷேம பென்ஷன் (ஏழை முதியோர் போன்றவர்களுக்கான நல ஓய்வூதியம்). 2024 மார்ச்சில் சம்பளமே சில நாள் தள்ளிப்போய், ஊழியர்களின் டிரெஷரி கணக்கில் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஆக, உங்கள் பணம் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை, வேண்டிய நாளில் மொத்தமாகக் கைக்கு வராமல் போகலாம், அவ்வளவுதான். ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன், கல்யாணம் என்று தேவை இருந்தால் அந்த அளவை மட்டும் பேங்குக்கு மாற்றுங்கள், மிச்சம் முதிர்வு வரை இருக்கட்டும், நடுவில் உடைத்தால் வட்டி குறையும். பேங்கில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, டிரெஷரிக்கு அது கிடையாது, அங்கே அரசின் உத்தரவாதம்தான். பொள்ளாச்சி பேங்கானாலும் அந்த 5 லட்சத்தில் மாற்றமில்லை, எனவே பெரிய தொகை என்றால் இரண்டு வங்கியாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள், கூடவே எல்லாவற்றிலும் நாமினி பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.